விளக்கேந்திய கையில் கணக்கேடு

செவிலியத் தகவலியலில் முதுநிலைப் பட்டம் படிக்கப் போகும் செவிலியரிடம், நோயாளியை விட்டுவிட்டுக் கணினியிடமா போகிறீர்கள் என்று கேட்டுவிடுகிறோம். கைவிளக்கேந்திய காரிகையாக மட்டுமே நாம் அறிந்துள்ள பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் கணக்கேட்டோடு உழைத்தவர்தான்.

கிரீமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களுடன் (அவர்களில் 10 பேர் கத்தோலிக்க அருள்சகோதரியர்) துருக்கியின் ஸ்குடாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். இறந்தவர்களின் எண்ணிக்கை அங்கே பதிவேட்டுக்குப் பதிவேடு மாறியது. காயங்களைவிட நோய்களே வீரர்களை அதிகம் கொன்றன. 1858இல் அந்த உண்மையை வண்ண வரைபடமாக்கி ஆட்சியாளர்முன் வைத்தார். அவ்வாண்டே இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினருமானார்.

எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரே பதிவுப் படிவம் வேண்டும் என்ற அவரது திட்டத்தை 1860இல் இலண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாடு ஏற்றது. சில மருத்துவமனைகள் கடைப்பிடித்தன. நிரப்புவது பெருஞ்சுமையானதால் நீடிக்கவில்லை. 1910இல், 90ஆம் வயதில், அவர் இறந்தார்.