கோணலை விட்டுவைத்தவர்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து படிக்க வந்த நான், இன்று வயர்லெஸ் சிப்புகளுக்கு மிக்ஸர் சுற்று வடிவமைக்கிறேன். ஊரில் மிக்சி கம்பெனியா என்கிறார்கள்! வரும் அலையோடு நாமே உண்டாக்கும் அலையைக் கலந்து, 60 கிகாஹெர்ட்ஸை 5-க்கு இறக்குகிற வேலை. 1890-களிலேயே அந்த 60 வரை எட்டியவர் ஜகதீச சந்திர போஸ்.

1858-ல் வங்காளத்தில் பிறந்தவர். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தபோது, வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த சம்பளம். மூன்று வருஷம் அதைத் தொடாமலே பாடம் நடத்தினார். வீட்டில் என்ன பாடுபட்டார்களோ! 1895-ல் சுவரைத் தாண்டி அலை அனுப்பி மணியை அடிக்க வைத்தார்.

அப்புறம்தான் கலீனா கல். மின்னழுத்தத்தை இரட்டித்தால் மின்னோட்டம் இரட்டிக்கவில்லை, கோடு வளைந்தது. நம்ம லேபில் ஓம் விதிக் கோடு வளைந்தால் ரெக்கார்டில் நேராக்கினோமே, ஞாபகம் இருக்கா? போஸ் வளைந்ததை வளைந்தபடியே வரைந்தார். மிக்ஸரில் இரண்டு அலையின் வித்தியாசம் பிறப்பது அந்த மாதிரிக் கோணலில்தான். அவர் மிக்ஸர் செய்யவில்லை. என் பிழைப்பு அங்கேதான் தொடங்குகிறது.

கலீனா கருவிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, அதுவும் நண்பர்கள் வற்புறுத்தியதால். காசாக்க அவர் முயலவில்லை. செடிகளின் பக்கம் போனார். 1917-ல் சொந்த ஆய்வு நிலையம் தொடங்கினார். 1937-ல் கிரிதியில் காலமானார்.