மீட்டர் பாதை தந்த மேயோ பிரபு

விருதுநகரில் இருந்து சிவகாசி வழியாகத் தென்காசிக்கு 1927-ல் ரெயில் வந்தது. அது குறுகலான மீட்டர் பாதை. அந்த அளவை இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர் மேயோ பிரபு.

அவர் 1822-ல் அயர்லாந்தில் டப்ளின் நகரில் பிறந்தார். 1869-ல் இந்தியாவின் ராஜப்பிரதிநிதி ஆனார்.

அப்பொழுது கஜானாவில் பணமுடை. டல்ஹவுசி பிரபு காலத்துப் பாதை 5 அடி 6 அங்குல அகலம். அதைப் போட ஏராளமாகப் பணம் வேண்டும். ஆகவே புதிய பாதைகளுக்கு ஒரு மீட்டர் அகலம் போதும் என்று 1870-ல் மேயோ முடிவு செய்தார். நாடு முழுவதும் மீட்டர் அளவு வரப்போகிறது என்று அப்பொழுது நம்பினார்கள். அது நடைமுறைக்கு வந்ததோ 1956-ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான். ரெயில் முந்திக்கொண்டது!

செலவு குறைந்தது. ஆனால், ஒரு பாதையின் வண்டி மற்றப் பாதையில் ஓடாது. சிவகாசித் தீப்பெட்டி வடநாட்டுக்குப் போவதானால், வழியில் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. நெருப்புச் சரக்கு! கூலி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

மேயோ இதைக் காணவில்லை. 1872 பிப்ரவரி 8-ந் தேதி அந்தமானில் கைதிகள் குடியிருப்பைப் பார்வையிட்டார். இருட்டில் படகு ஏறப் போனபோது, ஷேர் அலி என்ற கைதி பாய்ந்து கத்தியால் குத்தினான். அவருக்கு 50 வயது நிறைய 13 நாட்களே இருந்தன.

சிவகாசிப் பாதை 2000-க்குப் பிறகு அகலப் பாதை ஆயிற்று.