ஆனந்த குமாரசுவாமியும் அவர் விட்டுச்சென்ற ஏடுகளும்

தாம்பரத்தினின்று படப்பை வழியாக ஒரகடம் செல்லும் சாலையில் விடியற்காலையில் நிற்போர் ஒரு காட்சியைக் காணாதிருத்தல் இயலாது. சீருடை அணிந்த ஆடவரும் மகளிரும் நிறைந்த தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து செல்லும்; இரவு ஷிப்டு முடித்தோர் சன்னலோரத்தில் கண் அயர்ந்தவராய் எதிர்த்திசையில் மீள்வர். இராமாநுசர் அவதரித்த பதியாகிய ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டில் ஹுண்டாய் ஆலை மோட்டார் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. 2010ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பெற்றது. இவற்றைச் சூழ்ந்து எழுந்த ஆலைகள் பல. நம் மாணவருள் ஒருசிலரின் உடன்பிறந்தாரும் அப்பேருந்துகளில் இருத்தல் கூடும்.

அந்நெடுஞ்சாலையிலேயே மேற்கு நோக்கிச் சென்றால் காஞ்சிபுரம் வரும். அங்கே குழித்தறியில் கோர்வைச் சேலை நெய்வோர் உளர். சேலையின் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் வேண்டியிருத்தலின், கரைக்குரிய நாடாவை எறிவதற்கென்றே ஒரு துணையாள் அருகில் அமர்ந்திருப்பார். இருவர் கைகளும் ஒரு தாளத்திற்கு இயங்கினாலன்றி அச்சேலை உருவாகாது.

இவ்விரு தொழில்களையும் ஒருங்கு நோக்குவார்க்கு ஒரு வினா எழும். தொழிலினால் செய்யப்படும் பொருள் சிறக்கின்றது. செய்கின்ற மனிதனும் உடன் சிறக்கின்றானா? இவ்வினாவையே தம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தவர் கலைஞானி ஆனந்த குமாரசுவாமி. அவருடைய சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஆனந்தர் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பு நகரில் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி யாழ்ப்பாணத் தமிழ்க் குடியினர், வழக்கறிஞர், இலங்கைச் சட்டசபையில் அங்கத்தினராய் விளங்கியவர், அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1863இல் வெளியிட்டவர். பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் அவர்தம் மருகர். தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன், 1879இல், தந்தையார் காலமானார். ஆகவே ஆனந்தர் இங்கிலாந்திலேயே தாயாரால் வளர்க்கப்பெற்றார். வைக்ளிஃப் என்னும் பள்ளியிலும், பின்னர் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியிலும் பயின்று, நிலநூலிலும் தாவரநூலிலும் தேர்ச்சியடைந்தார்.

கலையுலகிற்கு வந்தவர் கல்லும் மண்ணும் ஆராய்ந்தே வந்தார் என்பது வியப்பன்றோ? 1903 முதல் 1906 வரை அவர் இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குத் தலைவராக இருந்தார். தோரியனைட்டு என்னும் கனிப்பொருள் 1904இல் அறியப்பட்டது அவர்தம் ஆராய்ச்சியின் பயனே. ஆயினும், கனிகளைத் தேடிக் கண்டி நாட்டுச் சிற்றூர்களிற் சுற்றியபொழுது அவர் கண்ணில் வேறொன்று பட்டது. பரம்பரையாக வேலை செய்துவந்த கொல்லர், தச்சர், நெசவாளர், ஓவியர் ஆகியோர், கப்பலில் வந்திறங்கிய மலிவுச் சரக்குகளின் முன்னே நிற்கமாட்டாது தொழிலிழந்து வாடினர். நிலத்தின் அடியிற் கிடந்த செல்வத்தைக் கணக்கெடுக்க வந்தவர், நிலத்தின் மேல் அழிந்துகொண்டிருந்த செல்வத்தைக் கண்டு திடுக்கிட்டார். அவர் மனைவியார் எதெல் அம்மையார் கைவினைகளை நிழற்படமாக எடுத்தார். கணவர் அவற்றைப் பற்றிய செய்திகளைத் திரட்டினார்.

இவ்வுழைப்பின் கனியே 1908இல் நிறைவுற்ற 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கிலப் பெருநூல். கைத்தொழிலின் பெருமையைப் பேசும் நூல் கைத்தொழிலாலேயே ஆகவேண்டும் என்று கருதினார் போலும். வில்லியம் மாரிசு என்னும் ஆங்கிலக் கவிஞரும் கைத்தொழிற் புரவலருமாகிய பெரியாருக்கு உரியதாயிருந்த கையச்சுப்பொறியில், தம் மேற்பார்வையிலேயே அதனை அச்சிடுவித்தார். வேலை ஓராண்டுக்கு மேல் நடந்தது. வெளிவந்தவை 425 பிரதிகளே. எதெல் அம்மையார் பின்னர் இவரைப் பிரிந்து, எதெல் மைரெ என்னும் பெயருடன் இங்கிலாந்தில் புகழ்பெற்ற கைத்தறி நெசவாளராயினார். படமெடுத்த கை தறியையே பற்றிக்கொண்டது.

இந்தியாவில் சுதேசி இயக்கம் ஓங்கியிருந்த காலம் அது. 1909இல் 'இந்தியக் கைவினைஞன்' என்னும் நூலை ஆனந்தர் வெளியிட்டார். கலையையும் சுதேசியத்தையும் பற்றிய அவருடைய கட்டுரைகளைச் சென்னைக் கணேஷ் கம்பெனியார் பதிப்பித்தனர். மான்செஸ்டர் ஆலைத் துணியைப் போன்றதோர் ஆலைத் துணியை நாமே செய்து விற்பது மட்டும் சுதேசியம் ஆகாது. நம் நாட்டுத் தொழிலாளனின் அறிவும் அழகுணர்ச்சியும் வாழ்ந்தாலன்றி நாடு வாழ்ந்ததாகாது என்பது அவர் கொள்கை. தில்லைக் கூத்தனின் திருநடனத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரையும் 1912இல் சென்னையிலிருந்து வந்த 'சித்தாந்த தீபிகை' என்னும் பத்திரிகையிலேயே முதலில் வெளிவந்தது. அதில் உண்மை விளக்கம் முதலிய தமிழ்ச் சைவ நூல்களின் பொருளை மேனாட்டார்க்கு எடுத்துக்காட்டினார். 1918இல் அது நூலாக நியூயார்க்கில் வெளிப்பட்டபின், நடராசர் திருவுருவத்தை உலகம் புதுக்கண்ணால் நோக்கலாயிற்று.

வட இந்தியாவில் அலைந்து அவர் சேர்த்த இராஜபுத்திர ஓவியங்களும் சிற்பங்களும் மிகப் பல. காசியில் ஒரு காட்சிசாலை எடுப்பின் அவை யாவற்றையும் நாட்டிற்கே தருவதாக முன்வந்தார். அதற்கு வேண்டிய பொருளளிப்பார் ஒருவரும் முன்வந்திலர். 1917இல் அச்செல்வம் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையைச் சென்றடைந்தது; அதன் காவலராக அவரும் அங்கே சென்றார். இறுதிவரை முப்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். காட்சிசாலை என்பது கண்டு வியக்கும் இடமன்று, கற்பிக்கும் இடம் என்பதே அவர் துணிபு. தாமும் சித்திரம் வரைந்தார்; 1920இல் அவர் வரைந்த இருபத்தெட்டுச் சித்திரங்கள் நூலாக வந்தன. நிழற்படமும் ஒரு கலையே என்று பலர் ஏற்காதிருந்த காலத்தில், 1924இல் ஸ்டீக்லிட்ஸ் என்பாரின் நிழற்படங்களைத் தம் காட்சிசாலையில் இடம்பெறச் செய்தார்.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்தியா விடுதலை பெற்றது. ஆனந்தருக்கு எழுபது வயது நிரம்பியது. பணியினின்று விலகி இந்தியாவிற்குத் திரும்பி அமைதியாக வாழ எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் ஈடேறவில்லை. செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவில் நீடம் என்னும் ஊரில் உயிர் நீத்தார்.

அவர் விட்டுச்சென்ற கடிதங்களும் கட்டுரைப் படிகளும் குறிப்புகளும் இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்படுகின்றன. அவருடைய தெரிந்தெடுத்த கட்டுரைகளும் வாழ்க்கை வரலாறும் மூன்று தொகுதிகளாக 1977இல் வெளிவந்தன. கடிதங்களின் தொகுப்பு 1988இல் வெளிவந்தது. கைவினைஞரின் அறிவு எழுதப்படாமையால் மறைவதைக் கண்டு வருந்தியவரின் ஏடுகள் மறையாமற் காக்கப்பட்டமை தக்கதே.

இனி, அவர் கொள்கைகள் அனைத்தையும் நாம் அப்படியே ஏற்றல் வேண்டுமோ எனின், வேண்டா. பிறப்பின்வழித் தொழில் அமைதலை அவர் பெரிதும் நன்மையாகவே கண்டார். தொழிலைத் தேர்ந்துகொள்ள உரிமையின்றி இழிவு சுமந்தோரின் துன்பம் அவர் எழுத்தில் போதிய இடம் பெறவில்லை. ஒரகடத்து ஆலைக்கு வேலைக்குச் செல்லும் ஒரு பெண், தன் பாட்டன் பெற்றிராத மாதச் சம்பளத்தைத் தன் கையிற் பெறுகின்றாள். அதனை எளிதென்று தள்ளுதல் அறமாகாது. தறியை விட்டு மகன் ஆலைக்குச் செல்வதை விரும்பும் நெசவாளரையும் நாம் குறை கூறுதற்கில்லை. ஆயினும், ஒரே திருகாணியை நாள் முழுதும் முடுக்கும் கைக்குரியவனுக்கும் உள்ளம் ஒன்று உண்டு என்பதையும், கூலி மட்டும் அதற்கு உணவாகாது என்பதையும் ஆனந்தர் நமக்கு நினைவூட்டுகின்றார். அந்நினைவூட்டல் பழையதாகிவிடவில்லை.

மாணவ அன்பர்காள்! நீவிர் பட்டம் பெற்றபின் இவ்வாலைகளில் மேற்பார்வையாளராகவும் பொறியாளராகவும் அமர்தல் கூடும். அப்பொழுது உம் கீழ் உழைப்போரைக் கணக்கேட்டின் எண்ணாக மட்டும் நோக்காதீர். அதற்கு முன்னர் இன்றே செய்யத்தக்கதொன்றும் உண்டு. வரும் விடுமுறையில் உம் ஊரில் நெய்வாரிடமோ, குயவரிடமோ, ஆலையில் உழைக்கும் உறவினரிடமோ அமர்ந்து, அவர் தொழில் நிகழும் முறையையும் அதிற் படும் இன்பதுன்பங்களையும் அவர் சொல்லாலேயே கேட்டு எழுதிக்கொணர்வீராக. அவ்வேடுகளுக்கு நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்குதல் அரிதன்று. காசியில் எழாத காட்சிசாலைக்கு அச்சிறு அலமாரி ஒருவாறு ஈடாகும்.