மகாவீரரை வரலாற்றில் நிலைநாட்டிய ஹெர்மன் ஜாகோபி

தீர்த்தங்கரர் இருபத்து நால்வரும் மெய்யாகவே மண்ணில் வாழ்ந்த மாந்தரா, அன்றிப் பிற்காலத்தார் புனைந்த கதைமாந்தரா என்னும் வினா நம் இல்லங்களில் அவ்வப்போது எழுகின்றது. தாம்பரத்திலும் நாவலூரிலும் பல சமயத்தாரோடு கலந்து வாழும் நம் இளைஞர்கள் இவ்வினாவை வெளியிலிருந்தும் கேட்கின்றனர். ஸ்ரீபுராணம் கூறும் ஆயுள் அளவையும் வில் அளவையும் எடுத்துக்காட்டி எல்லாம் கற்பனையே என்று முடித்துவிடுவோர்க்கு நாம் தரத்தக்க மறுமொழி ஒன்று உண்டு. அம்மறுமொழியை உருவாக்கியவர் ஜைனரும் அல்லர், இந்தியரும் அல்லர். அவர் ஜெர்மனி நாட்டுப் பேராசிரியர் ஹெர்மன் ஜாகோபி.

அவர் 1850-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் கொலோன் நகரில் பிறந்தார். பெர்லினில் கணிதம் பயிலத் தொடங்கியவர், சிலகாலத்தில் வடமொழியின்பால் ஈர்க்கப்பட்டு அதற்கு மாறினார். எனினும் கணிதம் அவரை விட்டு நீங்கவில்லை. 1872-இல் பான் பல்கலைக்கழகத்தில் அவர் பட்டம் பெற்ற ஆய்வு இந்தியச் சோதிடத்தில் வழங்கும் ‘ஹோரா’ என்னும் கூறு எங்கிருந்து வந்தது என்பது பற்றியது. கிரேக்கரிடமிருந்து இந்நாட்டிற்கு வந்த வானூல் கருத்துகளை இனங்காணும் பயிற்சி இவ்வாறு இளமையிலேயே அவருக்குக் கிடைத்தது. அது நம் சமயத்திற்கு எவ்வளவு பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1873-இன் இறுதியில் அவர் இந்தியா வந்தார். சுவடி தேடும் பணியில் ஈடுபட்டிருந்த ஜார்ஜ் பியூலர் என்னும் அறிஞரோடு இராஜபுதனப் பாலைவனம் கடந்து ஜெய்சல்மேர் சென்றார். அங்குள்ள ஜைனக் கோயிலின் நிலவறைப் பண்டாரத்தில் பனையோலைச் சுவடிகள் நூற்றாண்டுக் கணக்கில் காக்கப்பட்டிருந்தன. பில்ஹணர் இயற்றிய விக்கிரமாங்கதேவ சரிதத்தின் சுவடியை இருவரும் அங்கேயே அமர்ந்து சில நாள்களில் கையாலேயே படியெடுத்தனர். அப்பொழுது ஜாகோபிக்கு வயது இருபத்து நான்கு. ஊர் திரும்பும்போது அவர் கையில் ஜைன ஆகமச் சுவடிகளும் உள்ளத்தில் ஒரு பெரும் ஐயமும் இருந்தன.

அந்த ஐயம் யாது? அக்காலத்து ஐரோப்பிய அறிஞருள் பெரும்பாலோர் ஜைனத்தைப் பௌத்தத்தின் கிளை என்றே கருதினர். வில்சன், லாஸன், வெபர் ஆகியோர் கருத்து ஏறத்தாழ இதுவே. ஜினர், அருகர், புத்தர், சுகதர் முதலிய பெயர்களை இரு சமயத்தாரும் தத்தம் ஆசான்மார்க்கு வழங்குகின்றனர். இருவரும் கொல்லாமையைப் போற்றுகின்றனர். இருவரும் மகத நாட்டினர். ஆகவே மகாவீரர் என ஒருவர் தனியே இருந்திலர், புத்தரின் வரலாறே வேறு பெயரில் எழுதப்பட்டது என்பது அன்னோர் துணிபு. கோல்புரூக் இதற்கு மாறாகப் பார்சுவநாதரே ஜைனத்தைத் தோற்றுவித்தவர் என்றும், பௌத்தம் ஜைனத்திலிருந்து பிரிந்தது என்றும் எழுதினார். ஆனால் அவர் இந்திரபூதி கௌதமரையும் கௌதம புத்தரையும் ஒருவராக மயங்கியமையால் அவ்வாதம் நிலைபெறவில்லை. இருபத்து நான்காம் தீர்த்தங்கரரே கற்பனை என்றால் மற்ற இருபத்து மூவரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

1879-இல் கல்ப சூத்திரத்தைப் பதிப்பித்த ஜாகோபி அதன் முன்னுரையிலும், 1884-இல் வெளிவந்த ‘கீழ்த்திசைப் புனித நூல்கள்’ வரிசையின் 22-ஆம் தொகுதி முன்னுரையிலும் இக்கொள்கையை உடைத்தெறிந்தார். அவர் கையாண்ட முறை எளியது. மகாவீரர் வாழ்ந்தாரா என்று ஜைனரை மட்டும் கேட்டால் போதாது. ஜைனரை எதிர்த்தவர்களைக் கேட்க வேண்டும். பௌத்தரின் பாலி நூல்களில் நிகண்ட நாதபுத்தர் என்று ஒருவர் புத்தரின் சமகாலத்து எதிராளியாகப் பலமுறை வருகின்றார். அவர் நிர்க்கிரந்தர்களின் தலைவர். பாவா என்னும் ஊரில் மறைந்தவர். ஞாத்ரு குலத்தில் தோன்றிய மகாவீரரே அவர் என்பதில் ஐயமில்லை. மறுக்க வேண்டிய எதிராளியைப் பௌத்தர் தாமே கற்பித்துக்கொள்ள வேண்டிய தேவை என்ன? அதுமட்டுமன்று, அந்நூல்கள் நிர்க்கிரந்தரைப் புதிதாக முளைத்த கூட்டம் என்று ஓரிடத்திலும் இகழவில்லை. மக்களை ஆறு வகுப்பாகப் பிரித்த மக்கலி கோசாலர் நிர்க்கிரந்தர்க்கு அவற்றுள் ஒரு வகுப்பையே ஒதுக்குகின்றார். நேற்றுத் தோன்றிய கூட்டத்திற்கு இத்தகைய இடம் கிட்டாது.

அடுத்து இருவர் வாழ்க்கையையும் அவர் எதிரெதிரே வைத்துப் பார்த்தார். பெற்றோர் பெயர், பிறந்த ஊர், தலைமை மாணாக்கர், மறைந்த ஊர் யாவும் வேறு. புத்தர் ஆறாண்டுத் தவத்தைப் பயனற்றது எனக் கைவிட்டார். மகாவீரர் பன்னிரண்டு ஆண்டுத் தவத்தாலேயே கேவல ஞானம் எய்தினார். ஒரு வரலாற்றின் நகல் மற்றொன்றாயின், நகல் எழுதியவன் எல்லாவற்றையும் மாற்றிவைத்தான் என்றல்லவா கொள்ள வேண்டும்? ஜாகோபி பயன்படுத்தியவை சுவேதாம்பர நூல்கள் என்பதை நம்மவர் நினைவில் கொள்ளல் நலம். பகவானின் திருமணம், பெற்றோர் மறைந்தபின் தமையனாரிடம் விடைபெற்றுத் துறந்தமை ஆகிய செய்திகளைத் திகம்பரராகிய நாம் ஏற்பதில்லை. எனினும் அவர் வாதம் இவற்றைச் சார்ந்து நிற்கவில்லை.

பார்சுவநாதர் பற்றிய அவர் முடிபு இன்னும் நுட்பமானது. சாமஞ்ஞபல சூத்திரம் என்னும் பாலி நூல் நாதபுத்தரின் கொள்கையாக நால்வகைக் கட்டுப்பாட்டைக் கூறுகின்றது. மகாவீரர் போதித்ததோ ஐந்து மகாவிரதங்கள். நான்கு விரதங்கள் பார்சுவருடையவை என்று நம் மரபு கூறும். உத்தராத்யயனத்தில் பார்சுவ மரபினராகிய கேசியும் கௌதம கணதரரும் சிராவஸ்தியில் சந்தித்து இவ்வேறுபாட்டைப் பற்றியே உரையாடுகின்றனர். பௌத்தர் தவறாக எழுதிய செய்தியே, மகாவீரர்க்கு முன்பே நான்கு விரதங்களைக் கைக்கொண்ட நிர்க்கிரந்தர் இருந்தனர் என்பதற்குச் சான்றாயிற்று. எதிரியின் பிழையிலிருந்து உண்மையைப் பிரித்தெடுத்த இந்தத் திறமையே அவர் பணியனைத்திலும் தலைசிறந்தது என்பது என் கருத்து. மகாவீரருக்கு 250 ஆண்டுகள் முன்னர்ப் பார்சுவர் மறைந்தார், நூறாண்டு வாழ்ந்தார் என்னும் மரபுச் செய்தியில் நம்பத்தகாதது எதுவுமில்லை என்பதும் அவர் துணிபு.

பிரெஞ்சு அறிஞர் பார்த் உடன்படவில்லை. ஆகமங்கள் வல்லபியில் ஏட்டிலேறியது மகாவீரர்க்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்தன்றோ, அவற்றை எங்ஙனம் நம்புவது என்று அவர் வினவினார். இங்கேதான் ஜாகோபியின் பழைய கணிதப் பயிற்சி கைகொடுத்தது. ஆகமங்களில் கிரேக்க வானூலின் சுவடே இல்லை. ஆகவே அவை கிரேக்கத் தொடர்புக்கு முந்தியவை. யாப்பு வகைகளும் அவை பழமையானவை என்றே காட்டின. ஆகமத் தொகுப்புக் கி.மு. 300-ஐ ஒட்டியது என்று அவர் முடிவுகட்டினார். பின்னர் மதுராவில் கங்காளி மேட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கல்வெட்டுகளில், கல்ப சூத்திரம் கூறும் கணங்கள், குலங்கள், சாகைகள் ஆகியவற்றின் பெயர்களைப் பியூலர் படித்துக்காட்டினார். கல்லும் ஏடும் ஒத்துப்பேசின.

இவரை நம் சமயத்திற்கு வழக்குரைஞர் என்று எண்ணிவிடலாகாது. இரு சமயத்தாரின் விரதங்களுக்கும் பிராமணச் சந்நியாசிகளின் நெறியே முன்மாதிரி என்று அதே முன்னுரையில் எழுதினார். இது நமக்கு உவப்பான முடிபன்று. ஆசாராங்க மொழிபெயர்ப்பில் சில சொற்களுக்கு அவர் புலால் எனப் பொருள் கொண்டமையால் மேற்கிந்திய ஜைனரிடையே பெருங் கொதிப்பு எழுந்தது. 1893-இல் இராமாயணம் பற்றி அவர் எழுதிய நூலில், சீதை என்பது உழவு சாலைக் குறிக்கும் வேதகாலத் தெய்வம் என்றும், இராமன் இராவணன் போரில் இந்திரன் விருத்திரன் பழங்கதையின் நிழல் உள்ளது என்றும் உரைத்தார். அம்முடிபைப் பின்வந்தோர் பலர் ஏற்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: மாந்தரையெல்லாம் வரலாற்றினராக்கும் ஆர்வம் அவரிடம் இல்லை. கதை என்று தோன்றியதைக் கதை என்றே சொன்னவர், மகாவீரரை மட்டும் மெய்யாக வாழ்ந்தவர் என்றார். அதனாலேயே அச்சொல்லுக்கு உலகம் மதிப்பளித்தது.

பார்சுவர்க்கு முற்பட்ட தீர்த்தங்கரர் பற்றி அவர் அடக்கமாகவே பேசினார். ரிஷப தேவரை முதல் தீர்த்தங்கரராகக் கூறும் மரபில் வரலாற்றுக் கூறு ஏதேனும் இருத்தல் கூடும் என்றார், அதற்குமேல் செல்லவில்லை. நமக்கு இது சிறிது வருத்தம் தருவதே. மயிலையில் நம் முன்னோர் வழிபட்டவர் நேமிநாதர். கடல் அரித்தபோது அத்திருவுருவத்தை மேல்சித்தாமூருக்குக் கொணர்ந்தனர் என்பது வழிவழிச் செய்தி. அந்நேமிநாதர் ஜாகோபியின் சான்றெல்லைக்கு அப்பால் நிற்கின்றார். சான்று கிடைக்கவில்லை என்பது வேறு, வாழ்ந்திலர் என்பது வேறு. 1879-க்கு முன் மகாவீரர்க்கும் இதே நிலைதான் இருந்தது. மேலும், படைப்புக் கடவுளை ஏற்காத நம் நெறியில் தீர்த்தங்கரர் மனிதராகப் பிறந்து வினை நீங்கியவரே. தெய்வத்தை மனிதராகச் சுருக்குவதாகிய குறை ஆராய்ச்சியால் நமக்கு நேர்வதில்லை.

மூன்ஸ்டர், கீல் பல்கலைக்கழகங்களில் பணியாற்றியபின் 1889 முதல் பான் நகரில் பேராசிரியராக விளங்கிய ஜாகோபி, 1895-இல் உத்தராத்யயனத்தையும் சூத்திரகிருதாங்கத்தையும் ஆங்கிலத்திலும், 1906-இல் இரு பிரிவினர்க்கும் பொதுவான தத்துவார்த்த சூத்திரத்தை ஜெர்மன் மொழியிலும் பெயர்த்தார். 1913–14-இல் மீண்டும் இந்தியா வந்தபோது கல்கத்தாவில் சொற்பொழிவாற்றினார்; அகமதாபாத்தில் பவிசத்தகஹா என்னும் அபப்பிரம்ச காவியச் சுவடியைக் கண்டெடுத்து 1918-இல் பதிப்பித்தார். ஜைன சமூகம் அவருக்கு ‘ஜைன தர்சன திவாகரர்’ என்னும் பட்டம் அளித்தது. 1922-இல் பணி ஓய்வு பெற்றார்.

இதன் பயன் சென்னை வரை எட்டியது. 1927-இல் கடெப்பா – எரம்மா வழக்கில், ஜைனர் இந்து சமயத்தினின்று பிரிந்தவரல்லர், ஜைனத்தின் தொன்மை ஸ்மிருதிகளுக்கும் முற்பட்டது என்று தற்கால ஆராய்ச்சி காட்டுகின்றது எனச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி குமாரசாமி சாஸ்திரி குறிப்பிட்டார். பழைய தீர்ப்புகள் கட்டுப்படுத்தியமையால் ஜைனர்க்கு இந்து சட்டமே பொருந்தும் என்னும் நிலை மட்டும் மாறவில்லை. அவ்வாராய்ச்சிக்கு அடித்தளமிட்ட முதியவர் அப்பொழுதும் பான் நகரில் எழுதிக்கொண்டிருந்தார். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள், தம் 87-ஆம் வயதில் அங்கேயே மறைந்தார்.