கோட்டை பாண்டு முதல் காளஹஸ்தி வரை: முத்துஸ்வாமி தீட்சிதர்

காளஹஸ்தீசுவரர் மீது உசேனி ராகத்தில் ஒரு கீர்த்தனம் உண்டு. பஞ்சபூத ஸ்தலங்களில் காளஹஸ்தி வாயுவுக்கு உரியது. காஞ்சி, திருவானைக்கா, திருவண்ணாமலை, சிதம்பரம் ஆகிய மற்ற நான்கு ஸ்தலங்களுக்கும் ஒவ்வொரு கீர்த்தனம் செய்த முத்துஸ்வாமி தீட்சிதரே இதையும் செய்தார். அவர் காலத்தில் ஸ்வர்ணமுகி நதிக்கரையில் நின்ற ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பியது. அது 2010-ல் இடிந்து விழுந்து, பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. பாட்டு மட்டும் இன்றும் பழையபடியே பாடப்படுகிறது. இத்தனை குழைவும் நெளிவும் உள்ள பாட்டைச் செய்தவர், வெள்ளைக்கார பாண்டு வாத்தியத்தின் மொட்டை மெட்டுகளுக்கும் பாட்டுக் கட்டியவர் என்பது பலர் அறியாத செய்தி.

தீட்சிதர் 1775-ல் திருவாரூரில் பிறந்தார். தந்தை ராமஸ்வாமி தீட்சிதர் பெரிய வித்வான். ஹம்ஸத்வனி ராகத்தை உண்டாக்கியவர். சென்னைக்கு வடக்கே உள்ள மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் இந்தக் குடும்பத்தை ஆதரித்தார். அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் தீட்சிதர் சகோதரர்களைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று பாண்டு கேட்க வைத்தார். தம்பி பாலுஸ்வாமி ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டார். இன்று பிடில் இல்லாமல் நம் கச்சேரி நடப்பதில்லை. அதற்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் இந்தப் பாலுஸ்வாமி.

அண்ணன் செய்தது வேறு. காதில் விழுந்த மெட்டுகளில் சுமார் 40-க்கு சமஸ்கிருத சாகித்யம் அமைத்தார். இங்கிலாந்து அரசருக்கான வாழ்த்துப் பாட்டின் மெட்டும், ஐரிஷ் நடன மெட்டும் நம் தெய்வங்களின் துதியாயின. நோட்டு ஸ்வரம் என்று பெயர் பெற்ற இவற்றில் கமகம் இல்லை. ஸ்வரங்கள் படிக்கட்டு போல் நேராக ஏறி இறங்கும். குழந்தைப் பாட்டு என்று இவற்றை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. அலங்காரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் ஒரு மெட்டில் என்ன மிஞ்சும் என்பதை அறிந்தவனுக்குத்தான் எங்கே எதைச் சேர்க்கலாம் என்பதும் தெரியும்.

அவருடைய முதல் கீர்த்தனமே இதற்குச் சாட்சி. சிதம்பரநாத யோகியுடன் காசிக்குச் சென்று, அங்கே சில ஆண்டுகள் இருந்து திரும்பியபின், திருத்தணி முருகன் சந்நிதியில் பிறந்த பாட்டு அது. ராகம் மாயாமாளவகௌளை, பாட்டுப் படிக்கும் பிள்ளைகள் முதல் நாள் சரளிவரிசை சொல்லும் அதே ராகம். பாட்டின் தொடக்கமும் ஸ-விலிருந்து மேல் ஸ வரை நேராக ஏறி, நேராக இறங்குகிறது. அந்த எளிய ஏணியின் மேல்தான் மற்ற அடிகளின் வளைவுகள் எல்லாம்.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஜாஸ் வாத்தியக்காரர்கள் பழகும் முறையும் ஏறக்குறைய இதுவே. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை முதலில் அப்படியே வாசிப்பார்கள். அடுத்த முறை ஒரு ஸ்வரத்தைக் கொஞ்சம் நீட்டுவார்கள். இடைவெளியில் இரண்டு ஸ்வரம் நுழைப்பார்கள். பிறகு மெட்டு மனதில் ஓட, கை தன் போக்கில் போகும். நம்மவர் நிரவல் செய்வதும் இப்படித்தான். ஒரே அடி, அதே சொற்கள், அதே தாளம். மெட்டு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் புதிது. அவர்களுக்கு வேலி சுருதிக் கூட்டங்களின் வரிசை. நமக்கு வேலி ராகம்.

இனி உசேனிக்கு வருவோம். கரகரப்பிரியாவின் ஸ்வரங்களே இதற்கும் அடிப்படை. ஆனால் அவற்றை ஆர்மோனியத்தில் ஒவ்வொன்றாக அழுத்தினால் உசேனி வராது. அசைவிலும் பிடிப்பிலும்தான் ராகம் இருக்கிறது. க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்களால் ஆந்திரத்திலும் பெயர் பெற்ற ராகம் இது. கோட்டையில் அசையாத ஸ்வரங்களைக் கேட்ட காது, காளஹஸ்தியில் அசைவே உயிரான ராகத்தை எடுத்தது.

தீட்சிதருக்குச் செல்வம் நிலைக்கவில்லை. சகோதரர்கள் பிரிந்தார்கள். பாலுஸ்வாமி எட்டயபுரம் அரண்மனையில் வித்வானானார். தம்பியைத் தேடிப் போன தீட்சிதர் 1835 தீபாவளியன்று எட்டயபுரத்திலேயே காலமானார். தஞ்சை நால்வர் போன்ற சீடர்கள் இருந்தும், பாட்டுகள் வாய்மொழியாகவே வாழ்ந்தன. பாடுகிறவர் மறைந்தால் பாட்டும் மறையும் நிலை.

அந்த ஆபத்தைத் தடுத்தவர் பாலுஸ்வாமியின் பேரனும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர். 1904-ல் எட்டயபுரத்தில் அவர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் பெரியவரின் கீர்த்தனங்கள் 200-க்கு மேல் உள்ளன. தமிழ்நாட்டில் அச்சான அந்நூல் தெலுங்கு எழுத்தில் வந்தது. பிற்காலத்தில் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மேலே எந்த இடத்தில் எந்தக் கமகம் என்று தனித்தனிக் குறிகள் போட்டிருக்கிறார். பழகுகிறவர் குறிகளை விட்டு வெறும் ஸ்வரமாக ஒரு முறை பாடிப் பார்க்கலாம். பிறகு குறிகளோடு பாடலாம்.