விக்கிரம் சாராபாய்

விக்கிரம் அம்பாலால் சாராபாய் (ஆகஸ்ட் 12, 1919 – டிசம்பர் 30, 1971) ஓர் இந்திய இயற்பியலாளர் ஆவார். இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார். அண்டக்கதிர் ஆய்வாளராகத் தொடங்கிய இவர், விண்வெளி ஆய்வின் நெடுங்காலப் போக்கைக் கணித்து, அக்கணிப்பை ஒரு வறிய நாட்டின் பத்தாண்டுத் திட்டமாக எழுதி வெளியிட்டார். அத்திட்டத்தின் வரிசைமுறை பெரும்பாலும் நிறைவேறியது. அதில் குறிக்கப்பட்ட ஆண்டுகள் பெரும்பாலும் தவறின. இவ்விரண்டும் சேர்ந்தே இவரது வாழ்க்கையை எதிர்காலக் கணிப்பு குறித்த ஒரு பாடமாக்குகின்றன.

இளமையும் கல்வியும்

சாராபாய் அகமதாபாத்தில் நெசவாலை உரிமையாளரான அம்பாலால் சாராபாய், சரளாதேவி இணையருக்குப் பிறந்தார். பெற்றோர் தம் பிள்ளைகளுக்காக வீட்டிலேயே நடத்திய பள்ளியில் பயின்றார். பின்னர் குசராத் கல்லூரியிலும், கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் புனித சான் கல்லூரியிலும் படித்து, 1940 இல் இயற்கை அறிவியலில் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் இந்தியா திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ச. வெ. இராமனின் கீழ் ஆய்வில் ஈடுபட்டார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ச் சென்று, வெப்பமண்டலப் பகுதிகளில் அண்டக்கதிர்கள் பற்றிய ஆய்வுக்காக 1947 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1942 இல் பரதநாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். மிருணாளினி சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதன், அம்மு சுவாமிநாதன் ஆகியோரின் மகளும், இந்திய தேசிய இராணுவத்தின் கேப்டன் இலட்சுமியின் தங்கையும் ஆவார்.

அண்டக்கதிர் ஆய்வு

விண்வெளியிலிருந்து புவியை வந்தடையும் அண்டக்கதிர்களின் செறிவு ஒரே அளவில் இருப்பதில்லை. அது ஒரு நாளுக்குள்ளும் மாறும். ஏறத்தாழ 11 ஆண்டுகள் நீளும் சூரியச் சுழற்சியோடும் மாறும். இம்மாற்றங்களே சாராபாயின் ஆய்வுப் பொருள். குறுகிய கால ஏற்ற இறக்கங்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் அடியில் உள்ள நீண்ட காலப் போக்கைக் காண்பதே இவ்வாய்வின் அடிப்படை முறை. நவம்பர் 1947 இல் இவர் அகமதாபாத்தில் தொடங்கிய இயற்பியல் ஆய்வகம் இப்பணிக்குத் தலைமையிடமாக விளங்கியது. கொடைக்கானல், திருவனந்தபுரம் ஆகிய இடங்களிலும் அளவீடுகள் மேற்கொள்ளப்பட்டன.

நிறுவனங்கள்

போக்குகளைக் கணிக்கும் இப்பழக்கத்தை இவர் தொழில் துறையிலும் பயன்படுத்தினார். அகமதாபாத் நெசவாலைத் தொழில் ஆய்வுச் சங்கத்தை 1947 இல் நிறுவினார். 1960 இல் வடோதராவில் இவர் தொடங்கிய செயல்பாட்டு ஆய்வுக் குழு, இந்தியாவில் சந்தை ஆய்வை முறையாக மேற்கொண்ட முன்னோடி அமைப்புகளுள் ஒன்று. 1961 இல் உருவான அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் தோற்றத்திலும் இவருக்கு முதன்மையான பங்கு உண்டு.

தும்பா

1962 இல் அணுசக்தித் துறையின் கீழ் விண்வெளி ஆய்வுக்கான இந்திய தேசியக் குழு, சாராபாயின் தலைமையில் அமைக்கப்பட்டது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவச் சிற்றூர் ஏவுதளமாகத் தெரிவு செய்யப்பட்டது. புவியின் காந்த நடுக்கோடு அவ்வழியே சென்றதே இதற்குக் காரணம். காந்த நடுக்கோட்டின் மேல் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. பலூன்கள் அவ்வளவு உயரம் செல்ல இயலாது. செயற்கைக்கோள்கள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற இயலாது. எனவே ஆய்வு ராக்கெட்டுகளே இதற்கு ஏற்றவை.

தும்பாவின் மீனவக் குடும்பங்கள் தம் இடத்தை விட்டு வேறிடத்தில் குடியேறின. அங்கிருந்த புனித மரிய மகதலேனாள் தேவாலயமும் ஆயர் இல்லமும் திட்டத்திற்கு வழங்கப்பட்டன. தேவாலயம் பணியிடமாயிற்று. நவம்பர் 21, 1963 இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட ராக்கெட் ஒன்று முதன்முதலாக அங்கிருந்து ஏவப்பட்டது. இக்குழுவில் சேர்ந்த இளம் பொறியாளர்களுள் இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாமும் ஒருவர்.

எதிர்காலக் கணிப்பு

1957 இல் முதல் செயற்கைக்கோள், 1961 இல் விண்வெளியில் முதல் மனிதர், 1969 இல் நிலவில் மனிதர் என்று பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் உலகம் பெருந்தொலைவு கடந்திருந்தது. இவ்வேகத்தை நேர்கோடாக நீட்டிப் பார்த்தவர்கள் அடுத்தது செவ்வாய் என எண்ணினர். ராக்கெட் பொறியாளர் வெர்னர் வான் பிரவுன், 1982 இல் செவ்வாயில் மனிதர் இறங்கும் திட்டம் ஒன்றை ஆகஸ்ட் 1969 இல் முன்வைத்தார். ஆனால் டிசம்பர் 1972 க்குப் பின் அரை நூற்றாண்டுக் காலம் எவரும் நிலவில்கூடத் தரையிறங்கவில்லை.

சாராபாய் வேறொரு போக்கைக் கவனித்தார். மனிதரை ஏற்றிச் செல்லும் பயணங்கள் வல்லரசுகளின் போட்டியைச் சார்ந்தவை. தொலைத்தொடர்பு, வானிலை, நிலவளக் கண்காணிப்பு ஆகியவையோ போட்டி ஓய்ந்தாலும் தேவைப்படுபவை. ஆகவே வளரும் நாடு மனிதரை விண்ணுக்கு அனுப்புவதிலும் கோள்களை ஆராய்வதிலும் முன்னேறிய நாடுகளோடு போட்டியிட வேண்டியதில்லை என்றும், உயர் தொழில்நுட்பத்தை மக்களின் அன்றாடச் சிக்கல்களுக்குப் பயன்படுத்துவதில் எவருக்கும் பின்தங்கக் கூடாது என்றும் கருதினார். பிற நாடுகள் கடந்த படிகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக ஏறாமல், நேரடியாகப் புதிய தொழில்நுட்பத்துக்குத் தாவலாம் என்பது இவரது வாதம். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் புவியோடு சேர்ந்து சுழலும் ஒரே செயற்கைக்கோளால் நாடு முழுவதற்கும் ஒளிபரப்ப முடியும் என்பது இதற்கு எடுத்துக்காட்டு.

ஆகஸ்ட் 1968 இல் வியன்னாவில் நடைபெற்ற ஐக்கிய நாடுகளின் விண்வெளி மாநாட்டில் இவர் அறிவியல் தலைவராகப் பணியாற்றினார். ஆகஸ்ட் 15, 1969 இல் இந்திய விண்வெளி ஆய்வு மையம் (இஸ்ரோ) உருவாயிற்று. ஓமி பாபா விமான விபத்தில் மறைந்தபின் 1966 முதல் அணுசக்தி ஆணையத்தின் தலைவராகவும் இருந்த சாராபாய், 1970 இல் இரு துறைகளுக்கும் சேர்த்து 1970–80 பத்தாண்டுக்கான வரைவுத் திட்டத்தை வெளியிட்டார்.

திட்டமும் நிகழ்ந்ததும்

• தொலைக்காட்சி: செயற்கைக்கோள்வழிக் கல்வி ஒளிபரப்புக்காக 1969 இல் நாசாவுடன் உடன்பாடு செய்யப்பட்டது. 1975–76 இல் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன.

• ஏவுகலம்: சுமார் 40 கிலோகிராம் எடையுள்ள செயற்கைக்கோளை 1970 களின் நடுப்பகுதிக்குள் ஏவுவது நோக்கம். கலாமின் தலைமையில் உருவான எசு.எல்.வி–3 1979 இல் தோல்வியுற்று, சூலை 18, 1980 இல் 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

• தொடர்புச் செயற்கைக்கோள்: ஆப்பிள் 1981 இலும் இன்சாட்–1பி 1983 இலும் வெளிநாட்டு ஏவுகலங்களில் சென்றன. உள்நாட்டுக் கடுங்குளிர் எஞ்சினைக் கொண்ட ஜி.எசு.எல்.வி முதன்முறையாக வெற்றி பெற்றது சனவரி 2014 இல்தான்.

• தொலையுணர்வு: கேரளத்தில் தென்னை வாடல் நோயை அகச்சிவப்புப் படங்கள்வழி வானிலிருந்து கண்டறியும் சோதனை 1970 இல் நடந்தது. ஐ.ஆர்.எசு–1ஏ செயற்கைக்கோள் 1988 இல் ஏவப்பட்டது.

• அணுமின்சாரம்: 1980 க்குள் 2,700 மெகாவாட் எதிர்பார்க்கப்பட்டது. அவ்வாண்டில் தாராப்பூரும் இராசத்தானின் முதல் அலகும் மட்டுமே வணிக உற்பத்தியில் இருந்தன.

தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு பொருளின் வடிவமைப்பை அறிவது வேறு. அதற்கான உலோகம், எரிபொருள், சோதனைக்கூடம், பயிற்சி பெற்ற ஆட்கள் ஆகியவற்றை நாட்டுக்குள் உருவாக்குவது வேறு. 1974 அணுவெடிப்புச் சோதனைக்குப் பின் வெளிநாட்டுத் தொழில்நுட்பம் கிடைப்பதும் அரிதாயிற்று. இச்சோதனையையும் அதன் விளைவுகளையும் 1970 இன் எந்தப் போக்கும் காட்டியிருக்க இயலாது.

இராமநாதபுரம் கடற்கரையும் சாராபாயின் திட்டமும்

இத்திட்டத்தின் தேவையை இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையின் வரலாறு விளக்குகிறது. தும்பாவில் முதல் ராக்கெட் ஏவப்பட்டு ஓராண்டு கடந்த நிலையில், 1964 டிசம்பர் 22–23 இரவில் வீசிய புயல் தனுசுக்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் தொடர்வண்டி ஒன்றும் கடலுக்கு இரையானது. அப்போது இந்தியாவுக்குச் சொந்தச் செயற்கைக்கோள் இல்லை. இன்சாட்–1பி செயற்படத் தொடங்கிய பின்னரே வங்கக் கடலின் மேகங்களை நாட்டின் சொந்தக் கருவிகொண்டு தொடர்ந்து பார்க்க முடிந்தது.

கடற்பரப்பின் வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள்வழி அறிந்து, மீன்கள் கூடும் இடங்களைக் குறிக்கும் அறிவிப்புகள் ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்திலிருந்து தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் அனுப்பப்படுகின்றன. தொண்டியை அடுத்த காரங்காடு போன்ற மீனவ ஊர்களை ஒட்டிய அலையாத்திக் காடுகளின் பரப்பும் இன்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. சேற்றிலும் நீரிலும் நடந்து அளக்க அரிய இக்காடுகள் வளர்கின்றனவா, குறைகின்றனவா என்பதைப் பல ஆண்டுப் படங்களின் ஒப்பீடு காட்டிவிடுகிறது.

மறைவு

சாராபாய் டிசம்பர் 30, 1971 அன்று கோவளத்தில் உறக்கத்தில் காலமானார். அப்போது இவருக்கு வயது 52. தாம் திட்டமிட்ட செயற்கைக்கோள் எதுவும் ஏவப்படுவதை இவர் காணவில்லை. சதீஷ் தவானின் தலைமையில் பணிகள் தொடர்ந்தன.

மதிப்பீடு

சாராபாய் ஒதுக்கி வைத்த துறைகளிலும் இந்தியா பின்னர் இறங்கியது. 1984 இல் இராக்கேசு சர்மா சோவியத் விண்கலத்தில் பயணம் செய்தார். 2018 இல் ககன்யான் மனித விண்வெளித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 இல் சுபான்சு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்று திரும்பினார். இது இவரது கொள்கையிலிருந்து விலகல் என்பது ஒரு கருத்து. மக்கள் பயன்பாட்டுப் பணிகள் வேரூன்றிய பின்னரே இவை தொடங்கப்பட்டதால், இவர் வகுத்த வரிசையின் தொடர்ச்சியே இது என்பது மற்றொரு கருத்து.

சிறப்புகள்

• 1962: சாந்தி சுவரூப் பட்நாகர் விருது
• 1966: பத்ம பூசண்
• 1972: பத்ம விபூசண் (மறைவுக்குப் பின்)
• திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளி மையம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.
• நிலவின் குழிப்பள்ளம் ஒன்றுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.
• ஆகஸ்ட் 23, 2023 இல் நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கிய சந்திரயான்–3 தரையிறங்கியின் பெயர் விக்ரம். ஆளில்லாமல் சென்ற அக்கலம், இவர் தமது பத்தாண்டுத் திட்டத்தில் சேர்க்காத இடத்துக்கு இவர் பெயரைக் கொண்டு சென்றது.