ஸர் ஸி. பி. இராமசுவாமி ஐயரும் மின்சாரமும்

குடவாசல் முதலிய காவிரிப் பாசன ஊர்களில் வாழும் நமக்கு மேட்டூர் என்றதும் நீரே நினைவுக்கு வருவது இயல்பு. அவ்வணையோடு மின்சாரத்தையும் சேர்த்து நினைக்கச் செய்யும் வரலாறு ஸர் ஸி. பி. இராமசுவாமி ஐயருடையது.

இவர் 1879-இல் வந்தவாசியிற் பிறந்தார். சென்னையில் வழக்கறிஞராய்ப் புகழெய்தி, 1923-இல் இராஜதானியின் நிர்வாக சபையிற் சட்ட அங்கத்தினரானார். மேட்டூர் அணை, பைகாரா நீர்மின் திட்டம் இரண்டிற்கும் முன்னின்று ஊக்கமளித்தார். பைகாரா 1932-இலும், மேட்டூர் 1937-இலும் மின்சாரம் தரலாயின. மேட்டூரின் மின்சாரம் பாசனத்திற்குத் திறக்கும் நீரைப் பொறுத்தது. மதகு மூடிய மாதங்களிற் குன்றும். ஆதலின் இரண்டும் ஈரோட்டில் இணைக்கப்பட்டன. ஒன்று தளர மற்றொன்று தாங்குதலே மின்விநியோக உறுதிக்கு முதற்படியாம்.

பின்னர்த் திருவிதாங்கூர்த் திவானாகிய இவரது ஆட்சி கடுங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. எனினும் 1940-இல் பள்ளிவாசல் மின்நிலையம் அக்காலத்தே எழுந்தது. 1966-இல் இலண்டனிற் காலமானார்.

2018-இல் கஜா புயல் நம் பகுதியின் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, மின்நிலையங்கள் இருந்தும் ஊர்கள் இருண்டன. எனவே உறுதியை அணையில் நின்று அளத்தல் போதாது. கம்பியின் கடைசி வீட்டில் ஆண்டிற்கு எத்தனை முறை, எத்தனை மணி நேரம் விளக்கு அணைந்ததெனக் கணக்கிடல் வேண்டும். இவர் தொடங்கிய பணியின் அம்மறுபாதி நம் மாணாக்கர்க்கு உரியது.